சர்நேம்: எப்போதும்வென்றான்

எங்கள் ஊருக்குப் பெயர் எப்போதும்வென்றான். வைத்தவன் யாரென்று தெரியாது. ஆனால் அவன் இங்கே ஒரு வாரம்கூடத் தங்கியிருக்க மாட்டான். மழை பெய்தால் உளுந்து அழுகும், பெய்யாவிட்டால் மிளகாய் கருகும். கபடிப் போட்டிக்குப் போனால் எங்கள் ஆட்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இருந்தாலும் வெளியூர்க்காரன் எவனாவது பேருந்தில் ஊர்ப் பெயரைக் கேட்டுச் சிரித்துவிட்டால் எல்லாருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். இரண்டு தடவை அடிதடியே நடந்திருக்கிறது. இரண்டிலும் எங்கள் ஆட்கள்தான் அடி வாங்கினார்கள்.

நான் வெயிலுமுத்து. நாலுவழிச் சாலை விலக்கில் பதினாறு வருடமாக ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா, வாரிசுச் சான்று, ரேஷன் கார்டு, பரீட்சை விண்ணப்பம் எதுவானாலும் இந்த ஊர் என் விரல் வழியாகத்தான் அரசாங்கத்தோடு பேசும். வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி தெரியாது. "கம்மா ஒடஞ்ச வருசம், ஐப்பசின்னு போடுங்க அண்ணாச்சி" என்பார்கள். மீதிப் பேரின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி இருக்கும். இப்படியே பதினாறு வருடம் பார்த்ததில் மனிதர்கள் மேல் எனக்கு ஒரு இளக்காரம் வந்துவிட்டது. அதை நான் மறைப்பதும் இல்லை. அவர்களும் திட்டு வாங்கிக்கொண்டு மறுநாளும் வந்து நிற்பார்கள், வேறு கடை இல்லை.

இது வள்ளிமயிலின் கதை. எங்கள் ஊர் சாமித்துரை மகள். இந்தியாவுக்காக ரக்பி ஆடியவள். நான்கு வருடம், நான்கு நாடுகள், பதினேழு ஆட்டங்கள். எங்கள் ஊரிலிருந்து கடல் தாண்டியவர்களில் ஒட்டகம் மேய்க்கவோ கட்டடம் கட்டவோ போகாத ஒரே ஆள்.

சாமித்துரைக்கு மானாவாரி நிலம் கொஞ்சம் உண்டு. மனிதர் வாய் திறந்து பேசி நான் கேட்டதே இல்லை. பேசுவதெல்லாம் அவர் மனைவி சீனித்தாய்தான். அவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். காலை ஆறு மணிக்கு விலக்கில் வேன் வரும். தீக்குச்சி அடுக்குகிற இடத்துக்கு ஆபீஸ் என்று பெயர் வைத்தவனும் எங்கள் ஊருக்குப் பெயர் வைத்தவனுக்குச் சொந்தக்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

வள்ளிமயில் ஓடுவாள் என்று ஆறாம் வகுப்பிலேயே கோவில்பட்டியில் விடுதியோடு உள்ள ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். கோவில்பட்டி ஹாக்கி ஊர். அங்கே டீக்கடையில் நிற்பவன்கூட ஹாக்கியில் கருத்து வைத்திருப்பான். தானே மூன்று ஒலிம்பிக் ஆடிவிட்டு வந்து வடை தின்கிற மாதிரி பேசுவான். அவர்களைப் பொறுத்தவரை ஹாக்கிப் பந்துதான் பந்து, மற்றதெல்லாம் பிள்ளைகள் விளையாடுகிற பலூன். இவளும் கையில் மட்டையோடு ஐந்து வருடம் ஓடினாள். பதினோராம் வகுப்பில் அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணம், இவள் பந்தை விட்டுவிட்டு ஆளைப் போய் இடிக்கிறாள். இடித்த இடியில் எதிரணிப் பெண் ஒருத்திக்கு முன்பல் இரண்டு போயிற்று.

அந்த ஆட்டத்தை வேடிக்கை பார்த்த ஒரு பெண் பயிற்சியாளர், பல் போனவளை விட்டுவிட்டு இவளைத் தேடி வந்தாராம். "இப்படி இடிக்கிறதையே விளையாட்டா வச்சிருக்காங்க, வர்றியா?" என்று கேட்டாராம். ரக்பிக்குத் தமிழ்நாட்டில் அப்போது ஆள் கிடைக்காத காலம். எந்த ஆட்டத்திலிருந்து யார் விரட்டப்பட்டாலும் அந்த அம்மா பொறுக்கிக்கொண்டிருந்தார். இப்படியாக எங்கள் ஊர்ப் பெண் ரக்பிக்காரி ஆனாள்.

ஊரில் ஒருவனுக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. ரப்பி என்றார்கள், ரப்பர் என்றார்கள், கடைசியில் முட்டைப்பந்து என்று முடித்துக்கொண்டார்கள். விடுமுறைக்கு வந்தால் அவள் காய்ந்த கண்மாய்க்குள் தனியாகப் பயிற்சி எடுப்பாள். வேலிக்கருவை மரத்தடியில் பருத்திச் சாக்கை நிறுத்தி வைத்துவிட்டு, இருபதடி தூரத்திலிருந்து ஓடிவந்து இடுப்புயரத்தில் கட்டிப் பிடித்துச் சாய்ப்பாள். எழுந்து நிறுத்துவாள், மறுபடி சாய்ப்பாள். மழை பெய்த மறுநாள் கரிசலில் நாலு எட்டு வைத்தால் ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் ஒட்டிக்கொள்ளும். அதோடும் ஓடுவாள். ஆடு மேய்க்க வந்தவர்களெல்லாம் ஆட்டை விட்டுவிட்டு இவளைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் ஒருநாள் வண்டியை நிறுத்திச் சிரித்துவிட்டுத்தான் போனேன்.

பயிற்சி முகாம் கடிதத்தைப் பிரிண்ட் எடுக்க ஒருமுறை கடைக்கு வந்தாள். இடுப்பில் அந்தப் பந்து. என்ன ஆட்டம் இது என்று கேட்டேன். கண்ணெல்லாம் விரியச் சொன்னாள்.

"பந்தைக் கையில வச்சுக்கிட்டு ஓடணும் அண்ணாச்சி. நம்மளப் புடிக்க வருவாவ. புடிச்சா கூட வாரவளுக்கு எறியணும். ஆனா முன்னால எறியக் கூடாது. பின்னாலதான் எறியணும்."

"முன்னால போறதுக்குப் பின்னால எறியணுமாக்கும்? ஏட்டி, இது நம்ம ஊர்க்காரன் கண்டுபிடிச்ச ஆட்டமால்ல இருக்கு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அவளிடம் அது ஒன்று. எவ்வளவு கேலி செய்தாலும் முகம் சுளிக்க மாட்டாள், "அப்படித்தான் அண்ணாச்சி" என்று போய்விடுவாள். அதனாலேயே இன்னும் கொஞ்சம் கேலி செய்யத் தோன்றும்.

அவளுக்கு இருபத்தோரு வயதில் இந்திய அணிக்கான முகாமில் பெயர் வந்தது. இருபது நாளில் பாஸ்போர்ட் வேண்டும் என்றார்கள். என்னிடம்தான் வந்தாள். பள்ளிச் சான்றிதழில் அவள் சா. வள்ளிமயில். விளையாட்டுச் சான்றிதழ்களில் எ.சா. வள்ளிமயில். விடுதியில் இன்னொரு சா. வள்ளிமயில் இருந்ததால், எங்கள் பக்க வழக்கப்படி ஊரின் முதல் எழுத்தையும் முன்னால் சேர்த்திருந்தார்கள். விண்ணப்பத்தில் சர்நேம் என்று ஒரு கட்டம் வந்தது.

"சர்நேம்னா என்ன அண்ணாச்சி?"

"குடும்பப் பேரு. வெளிநாட்டுக்காரனுக்கு அது இல்லாம ஆளைத் தெரியாது."

"நமக்குத்தான் அப்படி ஒண்ணும் கிடையாதே."

"இன்ஷியல் இருக்குல்லா? எ-ன்னா என்ன? எப்போதும்வென்றான். அதை விரிச்சுப் போட்டா முடிஞ்சு போச்சு."

"அது ஊர்ப் பேருல்ல அண்ணாச்சி?" என்று தயங்கினாள்.

"ஏட்டி, நீ முட்டைப்பந்தைப் பாரு. ஃபாரத்தை நான் பாக்கேன்."

அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம் என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தது. அதை நான் படிக்கவில்லை. படித்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பிறந்த ஊர் என்ற இடத்தில் கோவில்பட்டி என்று போட்டேன், பிரசவம் அங்கே ஆஸ்பத்திரியில் நடந்ததால். ஆக, அந்தப் பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தில் எப்போதும்வென்றான் என்பது ஓர் ஊர் என்று சொல்ல ஒரு வரியும் இல்லை. யாரோ ஒரு ஆண்பிள்ளையின் பெயர் மாதிரி அது அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

முதல் போட்டி இந்தோனேசியாவில். யூடியூப்பில் நேரடியாகக் காட்டினார்கள். என் கடையில்தான் பெரிய திரை என்பதால் ஊர் அங்கே கூடியது. முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் சங்கரபாண்டி அண்ணாச்சி. கோயில் கமிட்டித் தலைவர், விவசாய சங்கத் தலைவர், எந்த விசேஷத்திலும் மாலை வாங்குகிற கழுத்து அவருடையது. வள்ளிமயிலுக்கு நடத்தவிருந்த பாராட்டு விழாவுக்கு அவர் என்னிடமே ஃப்ளெக்ஸுக்குச் சொல்லியிருந்தார். பத்துக்கு எட்டு அடி. அதில் வள்ளிமயில் முகம் கொஞ்சம், அவர் முகம் நிறைய. அவள் கையில் ஹாக்கி மட்டை வைக்கச் சொன்னார். ரக்பிக்கு மட்டை கிடையாது என்றேன். "கை வெறுங்கையா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். வைத்தேன்.

ஆட்டம் தொடங்குமுன் திரையில் அணிப் பட்டியல் வந்தது. கடைசி வரியில் வி. எப்போதும்வென்றான். வர்ணனை செய்த வெள்ளைக்காரன் திக்கித் திணறி "எப்போடம்வெண்ட்ரன்" என்றான். கடைக்குள் விசில் பறந்தது. ஊர்ப் பெயர் உலகத்துக்கே கேட்டுவிட்டதாம். எனக்கும் தலை கால் புரியவில்லை.

"அந்தப் பேரை அங்கன போட்டது யாருன்னு நெனைக்கீங்க? நான்தான். பாஸ்போர்ட் ஃபாரத்துல நான் போட்ட பேரு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். சங்கரபாண்டி என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

எதிரில் ஜப்பான். ஏழு ஏழு நிமிடமாக இரண்டு பாதி. முதல் நிமிடத்திலேயே ஒரு ஜப்பான் பெண் இவர்களைக் கடந்து ஓடிப்போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்தாள். அப்புறம் வரிசையாக வைத்துக்கொண்டே இருந்தார்கள். நாற்பத்தொன்றுக்குப் பூஜ்யம். வள்ளிமயில் மட்டும் கண்மாயில் சாக்கைச் சாய்த்த மாதிரி ஒவ்வொருத்தியாய்ச் சாய்த்துக்கொண்டிருந்தாள். அவள் சாய்த்தது பதினோரு பேர் என்று வர்ணனைக்காரன் எண்ணிச் சொன்னான். எங்கள் ஆட்களுக்கு அது காதில் விழவில்லை.

"ஊர்ப் பேரையே கெடுத்துட்டாளே" என்று எழுந்தார் சங்கரபாண்டி. "எப்போதும்வென்றான்னு பேரை வச்சுக்கிட்டு ஒரு பாயிண்டு எடுக்க முடியலியே. ஏலே வெயிலுமுத்து, அந்த ஃப்ளெக்ஸை நிப்பாட்டு."

நிறுத்தினேன். அந்தப் பெண் ஓடியதில் பாதிகூட ஓடிப் பார்க்காத மனிதர்கள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு, அவள் எப்படி ஓடியிருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள். அன்றிலிருந்து அவளை ஊரில் எப்போதும்தோற்றாள் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இந்த மாதிரி விஷயத்துக்கு மட்டும் எங்கள் ஊருக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

அடுத்த நான்கு வருடம் அவள் போனாள், தோற்றாள், வந்தாள். பதினேழு ஆட்டத்தில் வென்றது மூன்று. அந்த மூன்றையும் ஊரில் யாரும் பார்க்கவில்லை. ஒன்றில் கடைசி நிமிடத்தில் இவளே ஓடிப்போய்ப் பந்தை வைத்துத்தான் ஜெயித்தார்களாம். ஊருக்கு வந்ததும் என் கடை வாசலில் நின்று சொன்னாள்.

"இந்தத் தடவை ஜெயிச்சோம் அண்ணாச்சி. நான்தான் கடைசி ட்ரை போட்டேன்."

"அப்படியா?" என்றேன். ஒரு பட்டா மாறுதலைத் தட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

இருபத்தைந்து வயதில் கத்தாரில் ஓர் ஆட்டத்தில் வலது தோள் இறங்கியது. ஏற்றிக் கட்டிக்கொண்டு ஆடினாள். ஆறு மாதத்தில் மறுபடி இறங்கியது. இனி ஆடினால் கை தலைக்கு மேல் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டம் அத்தோடு முடிந்தது. ஊரில் ஒருவனும் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "இனி கல்யாணம்தானே?" என்று கேட்டார்கள். அதற்கும் இரண்டு வீட்டார் வந்து பார்த்துவிட்டு, பெண்ணின் தோள் தங்கள் மாப்பிள்ளையின் தோளைவிட அகலமாக இருக்கிறது என்று போய்விட்டார்கள். அந்த மாப்பிள்ளைகளில் ஒருவனை நான் பார்த்திருக்கிறேன். சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளவே மூச்சு வாங்குகிறவன்.

அவளுக்கு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை. இந்தியாவுக்கு ஆடியவர்களுக்கு முன்னுரிமை. இரண்டு வருடம் காத்திருந்து போன ஆண்டு அறிவிப்பு வந்தது. உடல் தகுதிக்கு ஓட்டம்தான், அதில் தேறினாள், எழுத்தில் தேறினாள். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இது போனால் வேறு கிடையாது என்பது அவள் வீட்டுக் கோழிக்குக்கூடத் தெரியும்.

சான்றிதழ் சரிபார்க்க வெளியூருக்குக் கூப்பிட்டார்கள். அங்கேதான் சிக்கியது. மதிப்பெண் பட்டியலில் சா. வள்ளிமயில். அணிச் சான்றிதழ்கள் நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி வள்ளிமயில் எப்போதும்வென்றான். அங்கிருந்த அதிகாரி வடக்கத்தி மாவட்டத்துக்காரர். அவர் கேட்டதை அவளே என்னிடம் வந்து சொன்னாள்.

"எப்போதும்வென்றாங்கிறது யாரும்மா, உங்க வீட்டுக்காரரான்னு கேக்காவ அண்ணாச்சி. எனக்குக் கல்யாணம் ஆகல சார், அது எங்க ஊருன்னேன். இப்படியெல்லாமா ஊர்ப் பேரு இருக்கும்னு சிரிக்காவ. அப்பா பேரு சாமித்துரைன்னு இருக்கு, இது வேற குடும்பம், ஆடுனது வேற ஆளா இருக்கலாம்லான்னு சொல்லுதாவ. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு சான்று ஏத்தணுமாம்."

ஒரே நபர் சான்று என்று ஒன்று இருக்கிறது. வி.ஏ.ஓ. விசாரித்துப் பரிந்துரைத்தால் கிடைக்கும். விண்ணப்பத்தை நானே ஏற்றினேன். திங்கட்கிழமை காலையில் வி.ஏ.ஓ. அம்மா விசாரிக்க வந்தார். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர், சின்ன வயது, கறாரானவர். நாற்காலி வசதிக்காக என் கடையிலேயே உட்கார்ந்தார். வள்ளிமயில், சீனித்தாய், சாட்சிக்கு சங்கரபாண்டி, வேடிக்கைக்கு ஏழெட்டுப் பேர்.

சங்கரபாண்டி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இவள் சாமித்துரை மகள்தான், இந்த ஊர்தான், எல்லாம் சரி. வி.ஏ.ஓ. அம்மா பேனாவை மூடாமல் நிமிர்ந்தார்.

"ஆள் ஒண்ணுதான்னு எனக்கே தெரியுது. ஆனா பேரு எப்படி மாறிச்சுன்னு மேல கேப்பாங்க. பாஸ்போர்ட் ஃபாரம் நிரப்புனவங்க ஒரு கடுதாசி கொடுக்கணும். ஊர்ப் பேரைத் தவறுதலா சர்நேம்ல போட்டுட்டேன்னு ரெண்டு வரி. அது போதும், இன்னைக்கே அனுப்பிருவேன். யாரு நிரப்புனது?"

நான் கீபோர்டைப் பார்த்தேன். எழுதிக் கொடுத்தால் கடை நடத்த அரசாங்கம் கொடுத்த சேவை மைய ஐடியை முடக்கிவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பதினாறு வருடமாக இந்த ஊரையே எழுத்துத் தெரியாதவர்கள் என்று திட்டியவன், தப்பாக நிரப்பினேன் என்று இவர்கள் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாய் தானாகத் திறந்தது.

"கோவில்பட்டியில எவனோ நிரப்பியிருக்கான் மேடம். விவரம் கெட்டவன்."

சொன்னது நான்தான். அந்தக் குரலில் கொஞ்சம் ஏளனம்கூட இருந்தது, வழக்கம்போல.

அன்று ஜப்பான் ஆட்டத்தின்போது அந்தப் பெயரை நான் போட்டேன் என்று மார்தட்டியதைக் கேட்டவர்களில் ஐந்து பேராவது அங்கே நின்றார்கள். என் முதுகில் தட்டிக்கொடுத்த சங்கரபாண்டி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு பட்டா மாறுதல் என்னிடம் பாதியில் நின்றது. மற்றவர்களுக்குப் பயிர்க் காப்பீடு. ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. சங்கரபாண்டி மேலே ஓடிய ஃபேனை அப்போதுதான் முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தார். இந்த மண்ணாந்தைகளை நான் காலமெல்லாம் கேவலமாக நினைத்ததில் தப்பே இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில் அவர்கள் எல்லாரையும்விடக் கேவலமானவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

சீனித்தாய்தான் பதறினாள். "என்ன அண்ணாச்சி சொல்லுதீங்க? நீங்கதான இங்கன வச்சு..."

வள்ளிமயில் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "விடும்மா."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நான் ஏதாவது சொல்லப் போகிறேன் என்று காத்திருக்கிற பார்வை அது. நான் மௌஸை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

"சரி, கோவில்பட்டியில எந்தக் கடைன்னு பாத்து வாங்கிட்டு வாம்மா. வியாழக்கிழமைக்குள்ள வந்தாலும் செஞ்சு தாரேன்" என்று சொல்லிவிட்டு வி.ஏ.ஓ. அம்மா கிளம்பிப் போனார்.

செவ்வாய் போயிற்று. வள்ளிமயில் கடைக்கு வந்து கேட்பாள், அப்போது கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன் போயிற்று. அவள் வரவில்லை. எனக்கு அவள் மேலேயே எரிச்சலாக வந்தது. தேவைப்படுகிறவள்தானே வந்து கேட்க வேண்டும், இவ்வளவு வீம்பு எதற்கு என்று நினைத்தேன். தப்புச் செய்தவன் வீடு தேடிப் போக வேண்டும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. எட்டியது, நகர மனம் வரவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டுக் கடிதத்தை அடித்தேன். நாலு வரிதான். பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு மேஜை டிராயரில் வைத்தேன். நாளைக் காலை முதல் வேலையாகக் கொடுக்கலாம் என்று வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை பயிர்க் காப்பீட்டுக் கூட்டம். மத்தியானம் சர்வர் வேலை செய்யவில்லை என்று சண்டை. எல்லாம் சாக்கு. நான் நினைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. மாலை ஐந்தே முக்காலுக்கு, சான்று ஏற்ற வேண்டிய இணையதளம் மூடிக்கொண்டதை என் கடைத் திரையிலேயே பார்த்தேன்.

சனிக்கிழமை காலை கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் வி.ஏ.ஓ. அம்மாவிடம் போனேன். இப்போது கொடுத்தால் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். அவர் கடிதத்தைப் படித்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் நிரப்புனதா? திங்கக்கிழமை உங்க முன்னாலதான கேட்டேன்?"

"ஐடியை முடக்கிருவாவளோன்னு..."

"இதுக்கெல்லாம் யாரு அண்ணாச்சி ஐடியை முடக்குதா?" என்றார். "மாசத்துக்கு நாலு பேரு இப்படிக் கடுதாசி தாராவ. நாங்க ஃபைல்ல வச்சுத் தச்சிருவோம், அவ்வளவுதான்."

ஒன்றுமே நடந்திருக்காது. ஒரு தாளை ஃபைலில் வைத்துத் தைத்திருப்பார்கள். அதற்குத்தான் ஒரு பெண்ணின் நான்கு வருடத்தை இல்லை என்று ஆக்கினேன்.

அங்கிருந்து நேராக வள்ளிமயில் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அந்த வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை. எல்லாரும் என்னிடம் வருவார்கள், நான் யாரிடமும் போனதில்லை. சாமித்துரை என்னைக் கண்டதும் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். சீனித்தாய் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். கேட்டது அத்தனையும் நியாயம், அதனால் நின்று வாங்கிக்கொண்டேன். வள்ளிமயில் உள்ளேயிருந்து வந்தாள். வலது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். இடது கையால் கடிதத்தை வாங்கினாள்.

நின்றபடியே முழுவதும் படித்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் காலில் விழுந்துவிடலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

"அன்னைக்கே நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாட்டி, நான்தான் நிரப்புனேன்னு" என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் அவள் மேல்தான் பழியைத் தேடியது.

"நான் சொல்லி, நீங்க இல்லைன்னு சத்தியம் பண்ணிட்டா?" என்றாள். "அதை எங்கம்மா பாக்க வேண்டாம்னுதான் விட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னு வியாழக்கிழமை வரைக்கும் இருந்தேன்."

கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இனி இது எதுக்கு சார்? வச்சுக்கிடுங்க."

சார். எங்கள் பக்கத்தில் அது மரியாதை இல்லை. அலுவலகத்துக்காரனுக்கும் முன்பின் தெரியாதவனுக்கும் வைத்திருக்கிற சொல். திட்டினாலும் கேலி செய்தாலும் ஆட்டம் தோற்று வந்தாலும் தோள் இறங்கிக் கட்டுப் போட்டு வந்தாலும், பாவாடை கட்டிய வயதிலிருந்து அவள் வாயில் நான் அண்ணாச்சிதான். அதை இவ்வளவு சத்தமில்லாமல் எடுத்துவிட முடியும் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பிடித்துக் கீழே சாய்த்திருந்தால்கூட எழுந்திருப்பேன்.

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தேன். செருப்பை மாட்டினேன். அவள் வாசல் வரைக்கும் வந்து, வெளியாளை அனுப்பிவைக்கிற பதவிசோடு சொன்னாள்.

"பாத்து எறங்குங்க சார். கீழ்ப்படி ஒடஞ்சு கெடக்கு."